நாலு சிலிண்டரும் ஒரு சொல்லும்

அத்தானுக்குப் பக்கவாதம் வந்தபோது அவருடைய காரின் எஞ்சின் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றப்பட்டு, வீட்டுக்குக் கீழே இருந்த ஷெட்டில் டப்பா டப்பாவாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் இருந்தார். அதன்பிறகு உடற்பயிற்சி சிகிச்சைக்கென்று இன்னொரு இடத்தில் ஆறு வாரம். வீடு திரும்பியபோது வலது கை தொங்கியது. வலது கால் சொன்னதில் பாதியைக் கேட்டது. பேச்சில் ஒரே ஒரு சொல்தான் மிச்சமிருந்தது.

"இல்ல."

பசிக்கிறதா என்று கேட்டால் இல்ல. சரி என்று தட்டை எடுத்துக்கொண்டு போனால் அதற்கும் இல்ல. பெயரைக் கேட்டாலும் இல்ல. "அவருக்கு உள்ள எல்லாம் புரியுது. வெளிய வர்ற வழியில இது ஒண்ணுக்குத்தான் கதவு திறந்திருக்கு" என்று பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் விளக்கினாள்.

"முப்பது வருஷமா நான் எது கேட்டாலும் இதைத்தான் சொன்னாரு. எனக்கு ஒண்ணும் பெரிசா வித்தியாசம் தெரியல" என்றாள் அக்கா. அந்தப் பெண் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பையை மூடினாள்.

இவர்களை அக்கா, அத்தான் என்று அழைப்பவன் அவளுடைய ஒரே தம்பி. லிப்ட் மெக்கானிக். பன்னிரண்டு கட்டடங்களின் லிப்ட்கள் அவன் தலையில் இருந்தன. யார் எப்போது எந்த இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது. போன் அடித்தால் சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு ஓட வேண்டும். ஐம்பத்தொரு வயதில் இரண்டு முழங்காலும் படியேறும்போது தனித்தனியாகப் பேசின. சனிக்கிழமை மட்டும் போனை இன்னொருவனிடம் ஒப்படைத்துவிடலாம். அந்த ஒரு நாளை அவன் தூங்குவதற்கென்றே வைத்திருந்தான். அக்காவின் அழைப்பு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது.

"அவரால மாடிப்படி ஏற முடியலடா. கீழ இருக்கற ஷெட்ட ரூமா மாத்தணும்."

"மாத்திடலாம்."

"உள்ள சக்களத்தி உக்காந்திருக்காளே."

சக்களத்தி என்பது கார். ஏறத்தாழ அறுபது வருஷத்து வண்டி. முதுகு வளைந்து, எஞ்சின் பின்பக்கம் இருக்கும் ஜாதி. அதில் ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்றும் வேலையே இல்லை. ஒரு விசிறி காற்றை அடித்துத்தான் எஞ்சின் சூட்டைத் தணிக்கும். அத்தான் பல் செட் செய்யும் டெக்னீஷியன். துரு தின்ற ஓடாக அந்த வண்டியை வாங்கி வந்து, ஒன்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அதைச் சீர் செய்துகொண்டிருந்தார். அடித்தகடு மாற்றியாயிற்று. சீட் தைத்தாயிற்று. இளம்பச்சைப் பெயிண்ட்கூட அடித்தாயிற்று. எஞ்சின் மட்டும்தான் பாக்கி.

"தள்ளி வெளிய விட்டுடலாமே" என்றான்.

"தெருவுல எஞ்சின் இல்லாத வண்டிய நிறுத்தினா மறுநாளே தூக்கிட்டுப் போயிடுவாங்க. ஓடினாத்தான் யாராவது வாங்குவாங்க. நம்ம வீட்டுல மெஷின் வேலை தெரிஞ்சவன் நீதான்."

"நான் லிப்ட் பாக்கறவன் அக்கா."

"அது மேலயும் கீழயும் போகுது. இது முன்னாடியும் பின்னாடியும் போகும். அவ்வளவுதானே? சனிக்கிழமை பத்துலேர்ந்து ரெண்டு வரைக்கும் வா. அது போதும்."

நேரத்தைக்கூடக் குறித்து வைத்திருந்தாள். மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

அடுத்த நாள் பத்து மணிக்குப் போனான். முதல் வேலை அத்தானைக் கீழே இறக்குவது. மொத்தம் பதினான்கு படி. அவன் முன்னால் பின்நடையாக இறங்க, அக்கா பின்னாலிருந்து அத்தானின் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டாள். ஷெட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார வைத்ததும், "எனக்கு மேல நூறு வேலை கிடக்கு" என்று சொல்லிவிட்டு அவள் ஏறிப் போய்விட்டாள்.

டப்பாக்களெல்லாம் பல் அச்சு எடுக்கும் மாவு வந்த டப்பாக்கள். ஏறக்குறைய எல்லாவற்றின் மேலும் சின்னச் சின்ன எழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது. ஒவ்வொரு போல்டும் கழுவித் துடைத்து எண்ணெய் பூசி வைத்திருந்தது. பிறர் வேலையை மேற்கொண்டு செய்யும்போது வழக்கமாக அவனுக்கு வரும் எரிச்சல் இங்கே வரவில்லை. அத்தானின் ரிப்பேர் புத்தகத்தைப் பெஞ்சில் விரித்து வைத்து, ஒரு பாகத்தை எடுத்து அத்தானிடம் காட்டி, இதுவா என்று கேட்டுக் கேட்டு மாட்டினான்.

மூன்று வாரத்தில் அத்தானின் பாஷை ஓரளவு பிடிபட்டது. சட்டென்று வெட்டிச் சொன்னால் தவறு, நிறுத்து. இழுத்துச் சொன்னால் கிட்டத்தட்ட சரி, இன்னும் கொஞ்சம். சம்மதத்துக்கு அவரிடம் சொல்லே இல்லாததால், பேசாமல் இருந்தால் சரி என்று பொருள். அந்த மௌனத்தை வாங்குவதற்காகச் சில நாள் ஒரே போல்டோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டினான்.

ஏழாவது சனிக்கிழமை அவனுக்கு உடம்பே சரியில்லை. முந்தைய நாள் முழுவதும் ஒரு ஆஸ்பத்திரி லிப்டின் அடியில் குனிந்தே நின்றிருந்தான். நாலு சிலிண்டரையும் ஏற்றி, அவற்றின் மேல் மூடியை வைத்து இறுக்க வேண்டிய கட்டம். அத்தான் இடது கையால் ஒரு டப்பாவைத் துழாவி, வளைந்த தகரத் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். டப்பாவில் அதே போல் இன்னொன்றும் இருந்தது. சீட்டு ஒட்டாத டப்பா அது ஒன்றுதான்.

"இல்ல" என்றார்.

"இது வேண்டாமா? சரி." வாங்கி அலமாரியில் போட்டான்.

"இல்ல. இல்ல."

"அதான் வேண்டாம்னு எடுத்து வெச்சுட்டேனே அத்தான்."

அத்தான் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அவர் பேசவில்லை என்பதால் அவன் சரி என்று எடுத்துக்கொண்டு மூடியை இறுக்கினான்.

பதினோராவது சனிக்கிழமை எஞ்சின் வண்டிக்குள் ஏறியது. பன்னிரண்டாவது சனிக்கிழமை வந்ததுமே, நாலாவது முறை சாவியைத் திருப்பியபோது இருமி, புகை கக்கி, பிடித்துக்கொண்டது. ஷெட்டின் தகரக் கதவு அந்தச் சத்தத்துக்கு அதிர்ந்தது. அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு பாதிப் படி இறங்கி வந்து, "இப்படித்தான் கத்துமா இது?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். அத்தானின் முகத்தில் இடது பாதி சிரித்தது.

அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து வண்டியை வெளியே எடுத்தான். நாலு தெரு நன்றாகப் போயிற்று. பாலத்து மேட்டில் ஏறும்போது இழுவை குறைந்தது. சூடான எண்ணெய் வாசனை வந்தது. எரிச்சலான ஒரு தீய்ந்த வாசனை அதற்குப் பின்னால் வந்தது. மேட்டைத் தாண்டிவிடலாம் என்று அவன் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினான். அத்தானின் இடது கை நீண்டு வந்து சாவியைத் திருப்பி அணைத்தது.

பாலத்து ஓரமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். போகிறவர்கள் காரைப் பார்த்து வாய் நிறையச் சிரித்துவிட்டுப் போனார்கள். ஒருவர் படம் எடுத்துக்கொண்டார். எஞ்சின் ஆறியபின் நின்று நின்று ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தார்கள்.

ஷெட்டுக்குள் வந்ததும் அத்தான் நாற்காலிக்குப் போகவில்லை. கோலை ஊன்றி அலமாரிவரை தானாக நடந்தார். அந்தத் தகரத் துண்டை எடுத்து வந்து எஞ்சின் மேல் வைத்தார். தகரத்தைத் தொட்டார். எஞ்சினைச் சுட்டினார். "இல்ல" என்றார். பிறகு ஒவ்வொன்றையும் மறுபடி ஒருமுறை தொட்டு, ரொம்ப நிதானமாக, "இல்ல."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை. உள்ளே இது இல்லை என்று சொல்லியிருக்கிறார்.

புத்தகத்தை எடுத்துப் பார்த்தான். கிரீஸில் இரண்டு பக்கம் ஒட்டிப் போயிருந்தது. பிளேடால் பிரித்தபோது படம் போட்டு விளக்கமாக இருந்தது. அந்த இரண்டு தகரமும் சிலிண்டர்களுக்கு அடியில் உட்கார வேண்டும். விசிறி அடிக்கும் காற்றைத் திருப்பி அடிப்பாகத்தைச் சுற்றி அனுப்புவது அவைதான். அவை இல்லாவிட்டால் சிலிண்டரின் மேல்பாதி குளிரும், கீழ்பாதி வேகும். மாட்ட வேண்டுமானால் எஞ்சினை மறுபடி கீழே இறக்கி, சுற்றியிருப்பதையெல்லாம் கழற்றி, மூடிகளை எடுக்க வேண்டும். ஐந்து வாரத்து வேலை அத்தனையும் பாழ்.

ரென்ச்சைக் கீழே வைத்தான். கையைத் துடைத்தான். "அத்தான், மன்னிச்சுக்குங்க. என்னால இதுக்கு மேல முடியாது" என்றான்.

அக்காவிடம் சொல்லிவிடுவது என்று மேலே போனான். பதினான்கு படியில் பேச்சைத் தயார் செய்தான். வண்டியை அப்படியே பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம். ஷெட்டைக் காலி செய்ய ஆள் நானே பார்த்துத் தருகிறேன். எனக்கும் உடம்பு என்று ஒன்று இருக்கிறது. கடைசி வாக்கியத்தைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தபடி கதவைத் தள்ளினான்.

அக்கா கட்டிலில் குறுக்காகக் கிடந்தாள். படுக்க வேண்டும் என்று படுத்தவள் மாதிரி இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்திருக்கிறாள். காலில் செருப்பு அப்படியே இருந்தது. மடித்துக்கொண்டிருந்த அத்தானின் சட்டை ஒரு கையில் சுருண்டிருந்தது. வாய் திறந்து, சின்னக் குறட்டை. தலைமாட்டில் அலாரம் கடிகாரம். அலாரத்துக்கு வைத்த அதன் சிவப்பு முள் இரண்டு அடிக்கப் பத்து நிமிஷத்தில் நின்றது. சுற்றிலும் பார்த்தான். நூறு வேலை என்று அவள் சொன்னதில் ஒன்றுகூட நடந்திருக்கவில்லை. பாத்திரம் தொட்டியில் கிடந்தது. காய்கறிப் பை அவிழ்க்காமல் மேஜையில் இருந்தது.

அத்தானை ராத்திரியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியது அவனுக்கு நினைவு வந்தது. அதை யார் செய்கிறார்கள் என்று அவன் இதுவரை யோசித்ததே இல்லை. ரூம் வேண்டும் என்பது நிஜம்தான். கார் விற்க வேண்டும் என்பதும் நிஜம்தான். ஆனால் வாரத்தில் நாலு மணி நேரம் அவரோடு யாராவது இருந்தால் போதும் என்று மட்டும் அவள் கேட்கவில்லை. அப்படிக் கேட்கிறவள் இல்லை அவள். சின்ன வயதில் ஜுரத்தோடு பரீட்சைக்குப் போனவள்.

தன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கினான்.

அத்தான் அதே இடத்தில் நின்றிருந்தார். "தூங்கறா" என்று அடிக்குரலில் சொன்னான். அத்தான் கூரையைப் பார்த்தார்.

"ஒவ்வொரு சனிக்கிழமையும் இப்படித்தானா? உங்களுக்குத் தெரியுமா?"

"இல்ல" என்றார் அத்தான். வெட்டியும் சொல்லவில்லை, இழுத்தும் சொல்லவில்லை. எந்த வகையிலும் சேராத ஒரு இல்ல. கண்ணில் தண்ணீர் நின்றது. தெரியும் என்றுதான் அவன் எடுத்துக்கொண்டான்.

அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, வண்டிக்கு அடியில் ஜாக்கியைத் தள்ளி, எஞ்சினைப் பிடித்திருந்த நாலு போல்டுகளில் முதலாவதைத் தளர்த்தினான். சுத்தியல் தேவைப்படாத வேலையாகப் பொறுக்கிச் செய்தான்.

இரண்டு மணிக்கு அக்கா முகம் கழுவிக்கொண்டு இறங்கி வந்தாள். எஞ்சின் மறுபடி தரையில் கிடப்பதைப் பார்த்தாள்.

"என்னடா இது?"

"ஒரு தகரம் விட்டுப்போச்சு. என் தப்புதான். இன்னும் அஞ்சு வாரம் ஆகும்."

அவள் எஞ்சினையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒண்ணும் அவசரமில்ல. மெதுவாவே பண்ணு" என்றாள்.

மெதுவாகத்தான் செய்தான். இந்த முறை ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தே அடுத்ததைத் தொட்டான். தகரங்கள் இரண்டும் அவற்றின் இடத்தில் போய்ப் பொருந்தியபோது அத்தான் மௌனமாக இருந்தார். இருந்தாலும் எதற்கும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டான்.

வால்வு இடைவெளி வைக்கும் நாளில் அவனுக்கு வேலை ஓடவில்லை. எஞ்சின் பச்சைத் தண்ணியாகக் குளிர்ந்திருக்கும்போது, மெல்லிய இரும்புத் தகடு ஒன்றை இடைவெளியில் நுழைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். தடையே இல்லாமல் வந்தால் இடைவெளி அதிகம். இறுகினால் குறைவு. நடுவே லேசான ஒரு பிடிப்பு இருக்க வேண்டும். லிப்ட் கயிறு பார்த்துத் தடித்துப் போன அவன் விரலுக்கு அந்தப் பிடிப்பு எட்டவே இல்லை. ஐந்து தடவை வைத்துப் பார்த்தான். அத்தான் ஐந்து தடவையும் இல்ல என்றார். கடைசியில் நாற்காலியை எஞ்சினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, தகட்டை அவருடைய இடது கையில் கொடுத்தான்.

பல் செட் செய்யும்போது மேல்வரிசையும் கீழ்வரிசையும் சரியாகக் கடிக்கிறதா என்று அவர் மெல்லிய தாளை நடுவே வைத்து இழுத்துப் பார்ப்பதை அவன் ஒரு காலத்தில் வேடிக்கை பார்த்திருக்கிறான். அப்போது அது வலது கை. இப்போது இடது கை நடுங்கியபடி போய், இடைவெளியைத் தேடி, தவறி, மறுபடி தேடியது. அவன் திருப்புளியைப் பிடித்துக்கொண்டான். "இல்ல." கால் சுற்று. "இல்...ல." இன்னும் ஒரு மயிரிழை. அத்தான் பேசாமல் தகட்டை உருவி எடுத்தார். எட்டு வால்வுக்கும் அன்றைய நாலு மணி நேரமும் போயிற்று. கடைசி வால்வில் அத்தானின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அதற்கப்புறம் கார் ஓடியது. பாலத்து மேட்டில் முனகாமல் ஏறியது. ஆனால் ஓடிவிட்டால் வேலை தீர்ந்தது என்பது அந்த ஜாதி வண்டியிடம் இல்லை. எங்கேயாவது ஒரு சொட்டு எண்ணெய் விடும். விசிறி பெல்ட் தொய்யும். எண்ணெய் சூட்டில் கறுக்கும், மாற்ற வேண்டும். வால்வைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். இரண்டு மாதம் சனிக்கிழமைதோறும் அதைச் செய்தான். வேலை முடிந்ததும் அத்தானை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்தான். எப்போது விற்பது என்று அக்கா கேட்கவில்லை. அவனும் பேச்சை எடுக்கவில்லை.

ஒன்பதாவது படியில் அத்தான் கால் மடங்கி விழுந்ததும் பேச்சு தானாக வந்தது. அவரைத் தாங்கப் போய் அக்காவின் முழங்கை கன்றிப்போயிருந்தது. "இனிமே முடியாதுடா. ரூம் வேணும்" என்றாள்.

வாங்க வந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். எஞ்சின் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு சொந்தக்காரர் என்ற மரியாதையில் அத்தான் பக்கம் குனிந்து, "வண்டியில பிரச்சினை ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றார் அத்தான்.

அக்கா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்கியதில் அவள் தோள் குலுங்கியது. தம்பிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "எண்ணெய் கொஞ்சம் சொட்டும் சார். அடியில ஒரு அட்டையப் போட்டு வைங்க. வால்வ ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாக்கணும்."

"யாரு பாப்பாங்க?"

தம்பி அத்தானைப் பார்த்தான். அத்தான் பேசாமல் இருந்தார். "இங்க கொண்டு வாங்க. இவர் பாப்பார்" என்றான்.

கார் தெருமுனை திரும்பிப் போகும்வரை அத்தான் வாசலிலேயே நின்றார். உள்ளே வந்து காலி ஷெட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர், அன்று மேலே வரமாட்டேன் என்று அடம் பிடித்தார். அக்கா தட்டைக் கீழேயே கொண்டுவந்து ஊட்டினாள்.

மூன்று சனிக்கிழமை ஷெட்டை ரூமாக மாற்றியதில் கழிந்தது. தரையில் ஓடு பதித்தார்கள். சுவரோரம் கைப்பிடிக் குழாய் அடித்தான். கட்டிலை இறக்கினான். நாலாவது சனிக்கிழமை ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் வைத்தான். ஐந்தாவது சனிக்கிழமை பத்து மணிக்கு வந்து நின்றபோது அக்கா வாசலிலேயே மறித்தாள்.

"எல்லாந்தான் முடிஞ்சுதே. எதுக்கு வந்த?"

"கதவு கிறீச்சுன்னு சத்தம் போடுதுன்னு சொன்னியே."

"நான் சொல்லலையே."

அவன் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டான். "அக்கா, நீ தூங்கணும். அதுக்குத்தான் வந்தேன்" என்றான்.

"யாரு சொன்னா நான் தூங்கறேன்னு?"

"பாத்தேன். அந்தத் தகரம் விட்டுப்போன அன்னிக்கு மேல வந்தேன்."

அவள் முகம் சிறுத்துப்போயிற்று. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள். திருடி அகப்பட்டவள் போல இருந்தாள். இவ்வளவு நாள் தெரிந்துகொண்டு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளோ, அழுவாளோ என்று அவன் பயந்தான். இரண்டுக்கும் அவளிடம் தெம்பு இல்லை.

"அப்படின்னா ஒன்பதரைக்கே வந்துடு" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினாள்.

அடுத்த வாரம் ஒன்பதரைக்கே போனான். அத்தானுக்குச் சவரம் செய்து, ஜன்னலோரம் உட்கார வைத்து, பேப்பரைப் பிரித்து இரண்டு பத்தி படித்துக் காட்டினான். மூன்றாவது பத்தியில் கண் செருகியது. விழித்துப் பார்த்தபோது அவனுடைய கால் அத்தானின் கட்டிலில் நீட்டிக் கிடந்தது. மடியிலிருந்து நழுவிய பேப்பரை அத்தான் முழங்காலில் வைத்து, இடது கையால் மடிப்பு மடிப்பாக நீவிக்கொண்டிருந்தார். மணி ஒன்றேமுக்கால். மேலே இன்னும் ஒரு சத்தமும் இல்லை.